போன் பூத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதர்: ஹோஸே லூயிஸ் லோப்பெஸ் வாஸ்கெஸ்

கேள்வி இதுதான்: போன் பூத்துக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கும் பழைய ஸ்பானியக் குறும்படம் ஒன்றைப் பார்த்தேன்; இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை; அதில் நடித்தவர் அந்த நாட்டின் பெரிய நகைச்சுவை நடிகராமே, அது உண்மைதானா, அவர் நடித்த வேறு எதைப் பார்க்கலாம்?

உண்மைதான். அந்தப் படம் 'லா கபீனா'. நடித்தவர் ஹோஸே லூயிஸ் லோப்பெஸ் வாஸ்கெஸ். ஸ்பெயினில் இரண்டு மூன்று தலைமுறைகள் அவர் முகத்தைத் திரையில் கண்டதுமே சிரிக்கத் தயாரானவை. அப்படிப்பட்டவரைப் போய் அந்தப் பெட்டிக்குள் அடைத்தார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. சிரிப்பு நடிகர் ஒருநாள் சீரியஸாக நடித்துக் காட்டினார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கடைசிவரை ஒரே ஆளைத்தான் நடித்தார் என்பது என் எண்ணம். பயந்த சுபாவம், அளவுக்கு மீறிய மரியாதை, எப்போதும் ஒரு அவசரம், யாருக்கும் கெட்டவனாகிவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் தலையாட்டும் குணம். அந்த ஆளைச் சில இயக்குநர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள், நமக்குச் சிரிப்பு வந்தது. சிலர் கிட்டே போய்ப் பார்த்தார்கள், வயிற்றைப் பிசைந்தது.

1922 மார்ச் 11 அன்று மாட்ரிட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் வெடித்தபோது வயது 14. நல்ல ஓவியக் கை. நாடக உலகத்துக்குள் அவரைக் கொண்டுபோனதும் அந்தக் கைதான். உடைகளுக்கும் அரங்கத்துக்கும் படம் வரைந்து கொடுப்பவராக நுழைந்தார். மாட்ரிட்டின் மரியா கெரேரோ அரங்கோடு ஆரம்பத்திலேயே தொடர்பு ஏற்பட்டது. (இந்த அரங்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் சினிமாவில் உதவி இயக்குநர், உடை வடிவமைப்பாளர், இடையிடையே ஒரு வரி வசனம் பேசும் ஆள். அவர் நடிப்பில் உடை எப்போதும் பாதி வேலையைச் செய்துவிடுவது இந்தப் பின்னணியால்தான் என்று எனக்குத் தோன்றும். இறுக்கமான கோட்டு, ஒரு சுற்று பெரிதான காலர், கழுத்தை நெரிக்கும் டை. அந்த ஆளின் சம்பளம் எவ்வளவு என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உருவமும் அதற்கு ஏற்றதே. குள்ளமான, மெலிந்த உடல், சீக்கிரமே வழுக்கை, மூக்குக்குக் கீழே ஒரு மீசை. அந்தக் கால ஸ்பெயினின் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதல் மேஜையில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் தனி ரகம். ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் அதன் முதுகில் ஏறும். வாக்கியம் முடிவதற்குள் மன்னிப்பு, வணக்கம், சமாதானம் எல்லாம் வந்துவிடும். பேச்சை நிறுத்தினால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்பது போல ஒரு பேச்சு.

பெர்லாங்கா, பார்தெம் என்ற இரண்டு ஸ்பானிய இயக்குநர்கள் சேர்ந்து 1951-இல் எடுத்த முதல் படத்திலேயே ஒரு சின்ன வேடத்தில் அவர் இருந்தார். ஆனால் பெயர் வாங்கித் தந்தது 1959-இல் வந்த 'எல் பிசீதோ'. 'சின்ன வீடு' என்று பொருள். நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம், இது நிஜமாகவே ஒரு சின்ன அடுக்ககக் குடியிருப்பு. கதையை எழுதியவர் ரஃபாயெல் அஸ்கோனா, இயக்கியவர் இத்தாலிக்காரரான மார்கோ ஃபெரேரி.

அந்தக் கதை புரிய அப்போதைய மாட்ரிட் கொஞ்சம் தெரிய வேண்டும். போருக்குப் பிந்தைய நகரம்; கிராமங்களிலிருந்து சனம் வந்து குவிகிறது; வீடு கிடைக்காது. பழைய வாடகை ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் மட்டும் அற்ப வாடகையில் காலம் தள்ளலாம். குடியிருப்பவர் இறந்தால் கணவனோ மனைவியோ அதே ஒப்பந்தத்தில் தொடரலாம். வெளியாளுக்கு அந்த உரிமை கிடையாது. லோப்பெஸ் வாஸ்கெஸ் நடித்த ரொதோல்ஃபோ, ஒரு கிழவியின் வீட்டில் உள்வாடகைக்கு இருப்பவன். பல வருடக் காதலி பெத்ரீத்தாவைக் கல்யாணம் செய்ய வேண்டும், ஆனால் குடிபோக இடமில்லை. அதனால் கிழவியைக் கட்டிக்கொள்வது, அவள் போய்ச் சேர்ந்ததும் விதவன் என்ற முறையில் வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒரு யோசனை வருகிறது. அதற்கு ஒத்துக்கொள்பவள், ஏன், அவனைப் பிடித்துத் தள்ளுபவளே பெத்ரீத்தாதான். கல்யாணம் நடக்கிறது. கிழவி இறக்க அவசரப்படவில்லை. புது மாப்பிள்ளை வந்த உற்சாகத்தில் கொஞ்சம் தேறிக்கூட விடுகிறாள்.

இதைச் சொல்லும்போதே சிரிப்பு வரும், பார்க்கும்போதும் வரும். ஆனால் ரொதோல்ஃபோ அந்தக் கிழவியிடம் பாசமாக இருக்கிறான். சாகட்டும் என்று காத்திருக்கும் அவனேதான் அவளுக்கு வேண்டியதை ஓடி ஓடிச் செய்கிறான். அவனை வில்லனாகவும் பார்க்க முடியாது, அப்பாவி என்று விட்டுவிடவும் முடியாது. லோப்பெஸ் வாஸ்கெஸ் இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு, எதையும் அழுத்திக் காட்டாமல் நடக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, 1961-இல், 'பிளாசிதோ'. பெர்லாங்கா இயக்கம், எழுத்தில் மறுபடியும் அஸ்கோனா. ஒரு சிறு நகரத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. பணக்காரர்கள் ஆளுக்கொரு ஏழையைத் தங்கள் மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு தரும இயக்கம். பிரஷர் குக்கர் கம்பெனி ஒன்றின் ஆதரவு வேறு. அதை நடத்தி ஓடுபவன் கினித்தானியா, இதுதான் நம்மவர் வேடம். தன் மூன்று சக்கர வண்டியை அந்த ஊர்வலத்துக்கு ஓட்டும் பிளாசிதோவுக்கு அன்றைக்குள் வண்டியின் தவணையைக் கட்டியாக வேண்டும். அதற்கு உதவத்தான் அத்தனை பெரிய தரும இயக்கத்தில் ஒருவருக்கும் நேரமில்லை. கினித்தானியாவுக்குச் சளி. படம் முழுக்கக் கைக்குட்டையும் மூக்குமாக, 'இதோ ஒரு நிமிஷம்' என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்துக்கொண்டே ஓடுகிறான். கெட்டவனா என்றால் இல்லை, நிஜமாகவே உதவ நினைப்பவன். அதற்குமுன் ஊர்ப் பெரிய மனிதர்கள் யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

படத்துக்கு முதலில் வைத்திருந்த தலைப்பு 'உங்கள் மேஜையில் ஓர் ஏழையை அமர்த்துங்கள்'. தணிக்கைக்காரர்களுக்கு அது பிடிக்காததால் மாற்ற வேண்டியதாயிற்று. தலைப்பை மாற்றியவர்கள் உள்ளடக்கத்தை விட்டுவிட்டார்களே என்று இன்றைக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைவரை போய், ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படத்திடம் தோற்றது.

அடுத்து 1962. ஸ்பெயினில் சாதாரண ஜனங்களிடம் போய் லோப்பெஸ் வாஸ்கெஸ் என்றால் இந்த வருடத்து இரண்டு படங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று 'லா கிரான் ஃபமீலியா', பதினைந்து பிள்ளைகள் உள்ள குடும்பத்தின் கதை. அதில் கேக் கடை வைத்திருக்கும் ஞானத்தந்தையாக வருவார். பிள்ளை பெறுவதை ஆட்சியே கொண்டாடிய காலம், அரசுக்கு ரொம்பப் பிடித்த படம். இன்று எனக்கு அது கொஞ்சம் திகட்டுகிறது. அவர் வரும் காட்சிகள் மட்டும் திகட்டவில்லை. இன்னொன்று 'அட்ராகோ ஆ லாஸ் த்ரெஸ்', அதாவது 'மூன்று மணிக்குக் கொள்ளை'. நல்ல மனிதரான தங்கள் மேலாளரை வங்கி வெளியேற்றுகிறது என்ற கோபத்தில், ஒரு கிளையின் ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் வங்கியையே கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். தலைவன், காசாளர் கலிந்தோ. அழகான ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தால் போதும், குனிந்து, தன் பெயரைச் சொல்லி, 'உங்கள் ரசிகன், அடிமை, நண்பன், ஊழியன்' என்று அடுக்குவார். ஸ்பெயினில் இன்றும் யாராவது ஓவராகப் பணிவு காட்டினால் இந்த வரியைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். படத்தின் கடைசியில் நிஜக் கொள்ளைக்காரர்கள் வந்துவிட, கொள்ளையடிக்க இருந்த ஊழியர்களே உயிரைக் கொடுத்து வங்கியைக் காப்பாற்றுகிறார்கள். வேலைக்காரனின் புத்தி எங்கே போகும்.

அப்போதிருந்து வருடத்துக்கு எத்தனை படம் என்று கணக்கில்லை. மொத்தம் 200-க்கு மேல். கிராசித்தா மொராலெஸோடு ஜோடி சேர்ந்த உளவாளிக் கேலிப் படங்கள், கடற்கரைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்களைப் பார்த்து வாய் பிளக்கும் படங்கள் என்று பெரும்பகுதி ஒரு முறைக்கு மேல் பார்க்கத் தேறாது. வேலை வந்தால் மறுக்கும் வழக்கம் இல்லாத தலைமுறை அது. பசியைப் பார்த்தவர்கள். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 'அவர் படம் எதைப் போட்டாலும் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

திருப்பம் வந்தது இயக்குநர் கார்லோஸ் சவுராவிடமிருந்து. மக்கள் சிரிக்கும் இந்த முகத்துக்குப் பின்னால் அடக்கி வைத்த ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1967-இல் 'பெப்பர்மின்ட் ஃபிராப்பே'. குவென்கா என்ற பழைய ஊரில் தனியாக வாழும் எக்ஸ்ரே மருத்துவர் ஹூலியான். நண்பனின் மனைவி மேல் மோகம். அவள் கிடைக்காததால் தன்னிடம் வேலை செய்யும் அடக்கமான நர்ஸை மெல்ல மெல்ல அவளைப் போலவே மாற்ற ஆரம்பிக்கிறான். இரண்டு பெண்களையும் நடித்தவர் ஜெரால்டின் சாப்ளின். அதே மரியாதை, அதே கச்சிதமான கோட்டு, அதே கூச்சம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெர்லின் விழாவில் சவுராவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

1970-இல் மறுபடி சவுராவோடு 'எல் ஹார்தின் தே லாஸ் தெலீசியாஸ்'. விபத்தில் நினைவிழந்த ஒரு தொழிலதிபர். குடும்பத்தினர் அவருடைய பழைய நாட்களையெல்லாம் நாடகம்போல் நடித்துக் காட்டி நினைவைக் கிளறுகிறார்கள். பாசத்தால் அல்ல, சுவிஸ் வங்கிக் கணக்கு எண் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

1974-இல் சவுராவே எடுத்த 'லா பிரீமா அன்ஹேலிகா' எனக்கு இதைவிடப் பிடிக்கும். தாயின் எலும்புகளைச் சொந்த ஊரில் அடக்கம் செய்ய வரும் நடுவயதுக்காரன், உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்கே கழித்த சிறுவயதுக்குள் போய்விடுகிறான். சிறுவனாக நடிக்கச் சிறுவன் யாரும் இல்லை. ஐம்பது தாண்டிய லோப்பெஸ் வாஸ்கெஸே, வழுக்கையோடும் மீசையோடும், சாப்பாட்டு மேஜையில் பெரியவர்களுக்கு நடுவே பயந்த பிள்ளையாக உட்காருகிறார். குரலை மாற்றவில்லை, மழலை பேசவில்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் ஒடுங்குகின்றன. நடிப்பு கற்றுக்கொள்கிறவர்கள் அந்த மேஜைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதே படத்தில் ஃபலாங்கே என்ற ஃபாசிசக் கட்சியைச் சேர்ந்த மாமா ஒருவர் கை எலும்பு முறிந்து, அந்தக் கட்சியின் சல்யூட் அடித்த நிலையிலேயே மாவுக்கட்டோடு திரிவார். போரில் வென்று நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடு இருந்த நாடு அது. கான் விழாவில் நடுவர் பரிசு கொடுத்தார்கள். பார்சிலோனாவில் படம் ஓடிய அரங்கில் தீக்குண்டு வீசினார்கள்.

இவை இரண்டுக்கும் நடுவில் 1972. அவருக்கு வயது 50. ஒரே வருடத்தில் ஹாலிவுட்டின் ஜார்ஜ் குக்கர் படத்தில் ஒரு சின்ன வேடம், 'மி கெரீதா செனியோரீதா', அப்புறம் 'லா கபீனா'.

'மி கெரீதா செனியோரீதா'வின் கதையைக் கேட்டால் முதலில் பயந்துவிடுவீர்கள். சிறு நகரத்தில் தனியாக வாழும் அதேலா என்ற 43 வயதுக் கன்னிப் பெண். தினமும் சவரம் செய்துகொள்கிறாள். வங்கி மேலாளர் ஒருவர் பெண் கேட்கிறார். குழம்பிப்போய் மருத்துவரிடம் போகிறாள். அவள் பிறவியிலேயே ஆண், பெண்ணாக வளர்க்கப்பட்டவள் என்று தெரிகிறது. ஹுவான் என்ற பெயரோடு மாட்ரிட் போனால் கையில் சான்றிதழ் இல்லை, தெரிந்த தொழில் தையல் மட்டும். நாடு முழுக்கச் சிரிப்புக்குப் பேர்போன ஒரு நடிகருக்குப் பாவாடை கட்டிவிட்டு, ஒரு இடத்தில்கூட அதை வைத்துச் சிரிப்பு மூட்டாமல் படம் எடுத்திருக்கிறார் ஹாய்மே தே அர்மின்யான். தணிக்கை இருந்த நாட்டில் இது எப்படி வெளிவந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. கடைசி வசனத்தைச் சொல்ல மாட்டேன். மிகச் சின்ன வரி. முன்னாள் வேலைக்காரப் பெண் சொல்வாள், அத்தோடு படம் முடியும். இதுவும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விருதைக் கொண்டுபோனவர் இன்னொரு ஸ்பானியர், பிரான்ஸ் சார்பாகப் போன இயக்குநர் புனுவெல்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த படத்துக்கு வருவோம். அந்தோனியோ மெர்செரோவும் ஹோஸே லூயிஸ் கார்சியும் எழுதி, மெர்செரோ இயக்கி, 1972 டிசம்பர் 13 அன்று ஸ்பானிய அரசுத் தொலைக்காட்சியில் வந்தது. சுமார் 35 நிமிடம். பையனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, புதிதாக வைத்த சிவப்பு பூத்துக்குள் ஒருவர் நுழைகிறார். போன் வேலை செய்யவில்லை, கதவும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நடப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நான் மேலே சொன்ன அந்தக் குரல் நினைவிருக்கிறதா? பேசியே சமாளிக்கும் ஆள் அவர். 'லா கபீனா' முதலில் பறிப்பது அதைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் வாய் அசைகிறது, நமக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை. மிஞ்சுவது பணிவு. முதல் பத்து நிமிடம் அவரைக் கவனியுங்கள்: மாட்டிக்கொண்ட பயத்தைவிட, தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான் அதிகம். கூட்டத்தைப் பார்த்து அசடு வழியச் சிரிக்கிறார். டையைச் சரிசெய்கிறார். இது கலிந்தோவின் சிரிப்பு, கினித்தானியாவின் சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களும் இன்னொரு காமெடி என்றுதான் நாற்காலியில் சாய்ந்திருக்கும், படத்துக்குள் இருக்கும் கூட்டம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பதுபோல. தொலைபேசி நிறுவன ஆட்கள் பூத்தை அப்படியே பெயர்த்து லாரியில் ஏற்றும்வரைக்கும் அந்தச் சிரிப்பு தாங்கும். எதிரே வரும் இன்னொரு லாரியில் இன்னொரு பூத், அதற்குள்ளும் ஒருவர்; இரண்டு பேரும் கண்ணால் பார்த்துக்கொள்ளும் இடத்தில்தான் அவர் முகத்தில் அது அணைகிறது.

கடைசிப் பகுதியின் சுரங்கங்கள், போர்ச்சுகல் எல்லையில் துவேரோ ஆற்றின் குறுக்கே இருக்கும் அல்தேயாதாவிலா நீர்மின் நிலையத்தில் படமாக்கப்பட்டவை. இது ஃபிராங்கோ ஆட்சிக்கு உருவகம் என்று பலர் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம்; அப்படிப் பார்க்காவிட்டாலும் படத்துக்கு ஒன்றும் குறைவதில்லை. அடுத்த வருடம் சர்வதேச எம்மி விருது கிடைத்தது. ஒளிபரப்பான பிறகு ஸ்பெயினில் பலர் கதவு மூடிவிடாமல் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் பூத்தில் பேசினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். படப்பிடிப்பு நடந்த மாட்ரிட் பகுதியில் இப்போது ஒரு சிவப்பு பூத்தை நினைவாக வைத்திருக்கிறார்கள்.

ஃபிராங்கோ இறந்த பிறகு பெர்லாங்காவின் முத்தொடரில் வந்தார்: 1978-இல் 'லா எஸ்கோபேத்தா நஸியோனால்', பிறகு இன்னும் இரண்டு. சீரழிந்த பிரபுக் குடும்பத்தின் உதவாக்கரை மகன் வேடம். இதில் ஒரு ருசியான விஷயம்: அப்பாவாக நடித்த லூயிஸ் எஸ்கோபார் நிஜ வாழ்விலும் பிரபு, அதோடு 1940-களில் மரியா கெரேரோ அரங்கை நடத்திய நாடக இயக்குநர். படம் வரையும் பையனாக நாடக உலகுக்குள் வந்தவர், அந்த உலகின் பெரிய மனிதருக்கே மகனாகிப் போனார்.

மேடையை அவர் விட்டுவிடவில்லை. 1980-களில் ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தின் நாயகனாக நடித்தார், இதைவிடப் பொருத்தமான வேடம் அவருக்கு யாரும் எழுதியிருக்க முடியாது. ஸ்பானியத் திரையுலகின் கோயா விருதுகள் 1987-இல்தான் தொடங்கின, அதனால் அவருடைய பெரிய படங்கள் எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை; 2005-இல் வாழ்நாள் பங்களிப்புக்காகக் கௌரவ கோயா கொடுத்தார்கள். கடைசியாக 2007-இல் மறுபடி மெர்செரோவோடு ஒரு படம், அல்சைமர் நோய் பற்றியது. பின்னர் மெர்செரோவையே அந்த நோய் பிடித்துக்கொண்டது. லோப்பெஸ் வாஸ்கெஸ் 2009 நவம்பர் 2 அன்று மாட்ரிட்டில் தன் 87-ஆம் வயதில் காலமானார். உடலை அஞ்சலிக்கு வைத்தது மரியா கெரேரோ அரங்கில்.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்க வேண்டுமானால் 'அட்ராகோ ஆ லாஸ் த்ரெஸ்', ஒரு கஷ்டமும் இல்லாத படம். பிறகு 'எல் பிசீதோ', அப்புறம் 'மி கெரீதா செனியோரீதா'. சவுரா படங்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஃபிராங்கோ காலம் ஓரளவு தெரிந்தபின் பார்த்தால்தான் கடிக்கும். 'பிளாசிதோ'வில் ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பேர் பேசுவார்கள். சப்டைட்டிலை விரட்டி எல்லாவற்றையும் படிக்கப் பார்க்காதீர்கள், தலை சுற்றும். கினித்தானியாவின் கைக்குட்டை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள், கதை தானாகப் புரிந்துவிடும்.